தம்பிக்கு, நீ சாட்சி சொல்லும் முன்

தம்பி,

அம்மா போய் நாளையோடு ஒரு வருஷம். நினைவு ஆராதனையில் நீ சாட்சி சொல்லப் போவதாகப் போதகர் சொன்னார். சொல். மற்றவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் நீ எங்கே இருந்தாய், ஏன் போனாய் என்பதற்குள் நான் போகவில்லை.

அந்தச் சாயங்காலம்தான் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. அம்மாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகுப் புண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தேன். நீ வாசலில் நின்றாய். நாள் கணக்கில் கண் திறக்காதவள் திறந்தாள். "ஆண்டவரே, ஸ்தோத்திரம்" என்று உன் கையைப் பிடித்துக்கொண்டாள். மருந்து அப்பிய விரல்களோடு நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றேன். என்னை நினைத்து அவள் அப்படி ஸ்தோத்திரம் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அதற்கப்புறம் உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மன்னித்துவிடு. ஆனால் பேசியிருந்தால் அம்மா காதில் விழக்கூடாதது விழுந்திருக்கும்.

மத்தேயு 20-ல் இயேசு சொன்ன திராட்சத்தோட்ட உவமையை எத்தனையோ முறை படித்துவிட்டேன். காலையிலிருந்து உழைத்தவர்களுக்கும் கடைசி மணி நேரத்தில் வந்தவர்களுக்கும் எஜமான் ஒரே கூலி கொடுத்த கதை. பொழுது சாய்வதற்குள் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்பது உபாகமம் 24-ல் உள்ள கட்டளை. எஜமான் கொடுத்தான். பேசின நாள் கூலியான ஒரு பணத்தையும் குறைக்கவில்லை. பிந்தி வந்தவர்களிடமிருந்து தொடங்கச் சொன்னானே, அதுதான் எனக்கு ஆறவில்லை. முந்தினவர்களுக்கு முதலில் கொடுத்திருந்தால் சந்தோஷமாய் வீட்டுக்குப் போயிருப்பார்கள். நிற்க வைத்துப் பார்க்க வைத்தான். ஆண்டவர் என்னையும் பார்க்க வைத்தார்.

கடைசி மணி நேரத்தில் வந்தவர்களும் சும்மா இருக்க ஆசைப்பட்டவர்கள் இல்லை, யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்றார்கள். அந்த இடம் வரும்போது உன் முகம்தான் வரும். இளைத்துப்போய், உள்ளே வரலாமா என்று தயங்கின முகம். ஓடிவந்து கட்டிக்கொள்ளலாம் போலிருக்கும். மறு நிமிஷமே, உன்னை நாங்கள் கூப்பிட்டுக்கொண்டேதானே இருந்தோம் என்று நெஞ்சு காந்தும்.

லூக்கா 15-ல், வீட்டை விட்டுப் போன இளைய மகன் திரும்பி வந்ததற்கு விருந்து நடக்க, மூத்தவன் கோபித்துக்கொண்டு வெளியே நின்றபோது தகப்பனே வெளியே வந்து வருந்தியழைத்தார். என்னை யாரும் வந்து அழைக்கவில்லை, தம்பி. நீயும்கூட.

நாளை வருவேன். "அக்கா முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்டாள்" என்று மட்டும் சொல்லாதே. சுளித்தேன். முறுமுறுத்துக்கொண்டேதான் அம்மாவைப் பார்த்துக்கொண்டேன். அதையும் சேர்த்துச் சொல்.

அக்கா