வீடு திரும்பும் நோயாளி வண்டி ஓட்டலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாலை விபத்துகளைப் பற்றிய விவாதம் எழும்போதெல்லாம், குறிப்பிட்ட வயதைக் கடந்தவர்களின் ஓட்டுநர் உரிமத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்ற யோசனையும் கூடவே எழுகிறது. நோய்க்குப் பின் அன்றாட வேலைகளை மீண்டும் செய்யப் பழக்கும், ஆக்குபேஷனல் தெரபி என்று மருத்துவமனைகளில் வழங்கும் தொழில்வழிச் சிகிச்சைத் துறையைச் சேர்ந்தவன் என்ற முறையில், இதை என்னால் ஏற்க முடியவில்லை. எண்பது வயதிலும் நிதானமாக ஓட்டுபவர் உண்டு. நாற்பத்தைந்து வயதில் பக்கவாதம் வந்தபின் ஓட்டவே கூடாதவரும் உண்டு.

மூளையின் வலப்பக்கத்தைத் தாக்கும் பக்கவாதத்தையே எடுத்துக்கொள்வோம். கைகால்கள் தேறி, பேச்சும் தெளிவாகி, கண் பரிசோதனைப் பலகையின் எழுத்துகளைத் தடுமாறாமல் படித்துவிடும் சிலருக்கு, இடப்பக்கத்தில் உள்ள எதுவுமே கவனத்தில் பதியாமல் போய்விடுகிறது. ஒரு தாள் முழுவதும் சிதறியிருக்கும் நட்சத்திரங்களைப் பேனாவால் கோடிட்டு அடிக்கச் சொன்னால், வலப்பாதியில் உள்ளவற்றை மட்டும் அடித்துவிட்டு, வேலை முடிந்தது என்று தாளைத் திருப்பித் தந்துவிடுவார்கள். பெரும்பாலும் அந்தக் குறை இருப்பதே அவர்களுக்குத் தெரியாது என்பதால், தங்களுக்கு ஒன்றுமில்லை என்று அவர்கள் சொல்வதைப் பொய் என்றும் கருத முடியாது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டரைக் கடந்துவிடும்; அந்த நேரத்தில் இடப்புறத்திலிருந்து சாலையில் இறங்குபவரின் கதி என்ன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

நீரிழிவு நீண்ட காலம் நீடித்தால் பாதங்களின் உணர்வு மங்கி, பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே புலப்படாமல் போகலாம். இன்சுலின் எடுத்துக்கொள்பவருக்குச் சர்க்கரை திடீரெனக் குறைந்தால், அது இயல்புக்குத் திரும்பிய பிறகும் மூளை முழுத் தெளிவு பெறச் சுமார் 45 நிமிடங்கள் ஆகும். பார்க்கின்சன் நோயில் மருந்தின் வீரியம் இருக்கும் நேரத்துக்கும் அது குறையும் நேரத்துக்கும் இடையே அசைவின் வேகம் மாறுகிறது. ஆகவே, ஒரு முறை நடத்திய சோதனையை வாழ்நாள் சான்றிதழாகக் கொள்ள முடியாது. இத்தகைய நோய்களில் மறுமதிப்பீட்டுக்கு ஒரு தேதியும் குறித்துத் தர வேண்டும்.

முறையான மதிப்பீடு மேசையில் தொடங்கிச் சாலையில் முடிகிறது. பார்வைப் பரப்பு, கவனம், எதிர்வினை வேகம், கழுத்தைத் திருப்பும் அளவு ஆகியவற்றைச் சோதித்தபின், பயிற்றுநரின் பக்கமும் பிரேக் பொருத்திய காரில் ஓட்டவைத்துப் பார்ப்பார்கள். முடிவு ஓட்டலாம், கூடாது என்ற இரண்டோடு நின்றுவிடுவதில்லை. வலக்கால் செயலிழந்தவருக்கு இடக்காலால் இயக்கும் ஆக்சிலேட்டர், ஒரு கையால் திருப்புவதற்கு ஸ்டீயரிங்கில் ஒரு குமிழ், கால்களே உதவாதவருக்குக் கையால் இயக்கும் அமைப்பு என்று வழிகள் உள்ளன. பகலில் மட்டும், பழகிய பாதையில் மட்டும் என்று வரம்பு வைத்துக்கொள்வதும் ஒரு வழிதான். இவை எதையும் ஆராயாமல் பிள்ளைகள் சாவியை ஒளித்துவைப்பதும், அப்பா மனம் நோகுமே என்று கண்டுகொள்ளாமல் விடுவதும் வீடுகளில் ஒரே அளவுக்கு நடக்கின்றன.

மருத்துவர்களிடம் என் கோரிக்கை சிறியது. பக்கவாதம், வலிப்பு, மறதிநோய், தலைக்காயம் ஆகியவற்றுக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்புபவரிடம், நீங்கள் வண்டி ஓட்டுவீர்களா என்று கேட்டு, அந்தப் பதிலையும் மதிப்பீடு முடியும்வரை ஓட்ட வேண்டாம் என்ற அறிவுரையையும் டிஸ்சார்ஜ் குறிப்பில் எழுதித்தர வேண்டும். ஓட்டுவதை நிறுத்தியே ஆக வேண்டியவருக்கு அதைச் சொல்வதோடு கடமை முடிந்துவிடாது. அவர் மருத்துவமனைக்கும் கடைக்கும் நண்பர் வீட்டுக்கும் இனி எப்படிப் போய்வருவார் என்பதைக் குடும்பத்தாருடன் உட்கார்ந்து திட்டமிடுவதும் தொழில்வழிச் சிகிச்சையாளரின் பணியே. அதற்கு நோயாளி எங்களிடம் அனுப்பப்பட வேண்டும்.

இப்படிக்கு,
தொழில்வழிச் சிகிச்சையாளர் ஒருவர்