வெயிட்ட விடச் சொல்றது வைத்தியமா?

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

உங்க ஞாயிறு இணைப்புல வந்த நெஞ்செரிச்சல் கேள்வி பதில் படிச்சேன். ஜிம்முக்குப் போற ஒரு தம்பி, வெயிட் தூக்கும்போதெல்லாம் புளிச்ச தண்ணி தொண்டை வரைக்கும் எதுக்களிக்குது, மாத்திரை போட்டும் நிக்கல, ஆபரேஷன் பண்ணிக்கலாமானு கேட்டிருந்தார். அதுக்கு டாக்டர் சொன்ன பதில் காரத்த குறைங்க, மாத்திரைய விடாதீங்க, கனமான வெயிட் தூக்குறத விட்டுடுங்க, அவ்வளவுதான். ஆபரேஷன் பத்தி ஒரு வார்த்தை இல்ல. கேட்டதே அதத்தான சார்?

நான் வேலூர்ப் பக்கம். ஸ்கூல் படிக்கிறப்பவே பளுதூக்குற பார் புடிச்சவன், ஸ்போர்ட்ஸ் கோட்டால வேலைக்குப் போனவன், இப்ப நாப்பது தாண்டி மாஸ்டர்ஸ் பிரிவுல தூக்குறேன், சாயங்காலம் பசங்களுக்கும் சொல்லிக் குடுக்குறேன். 2014 கிளாஸ்கோ, 2018 கோல்டு கோஸ்ட், ரெண்டு காமன்வெல்த்லயும் 77 கிலோ பிரிவுல தங்கம் வாங்குன சதீஷ் சிவலிங்கம் எங்க சத்துவாச்சாரிக்காரர். கிளாஸ்கோவுல ஸ்னாட்ச் (ஒரே இழுப்புல தலைக்கு மேல தூக்குறது) 149, கிளீன் அண்ட் ஜெர்க் (தோளுக்கு ஏத்தி, அப்புறம் தலைக்கு மேல தூக்குறது) 179, மொத்தம் 328 கிலோ. அவரப் பாத்து வளந்த பசங்களுக்கு பளுதூக்குறதுங்கறது உடம்பக் காட்டுற விஷயம் இல்ல, ரயில்வேலயோ போலீஸ்லயோ ஒரு வேலை கெடைக்கிற வழி. அவங்ககிட்ட போயி வெயிட்ட விட்டுடுனு சொல்றது வைத்தியமே இல்ல, வேலைய விட்டுடுனு சொல்ற மாதிரிதான்.

வெயிட்டுக்கும் எதுக்களிப்புக்கும் சம்பந்தம் இருக்குங்கறத நான் மறுக்கல. உணவுக்குழாய் இரைப்பையில சேர்ற எடத்துல ஒரு வால்வு மாதிரி தசை இருக்கு, அது மட்டும் இல்ல, அதச் சுத்தி உதரவிதானமும் (நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கற தசை) புடிச்சுக்கிட்டு இருக்கும், ரெண்டும் சேந்துதான் ஆசிட்ட கீழயே வச்சிருக்கு. நாங்க என்ன பண்றோம், மூச்ச இழுத்து அடக்கி, வயித்த இறுக்கி, அதுக்கு மேல பெல்ட்ட வேற கட்டிக்கிட்டு குனியிறோம், வயித்துக்குள்ள பிரஷர் எகிறுது, மேல நெஞ்சுப் பக்கம் பிரஷர் அத விடக் கம்மி, வால்வு கொஞ்சம் லூசா இருந்தாலும் போதும், எல்லாம் மேல வந்துரும். கிளீனுக்கு பார் மேல குனிஞ்சு புடிக்கும்போதும், புடிச்சு முழு ஸ்குவாட்ல உக்காரும்போதும்தான் எனக்கு ரொம்ப மோசம். சில பேருக்கு உதரவிதானத்துல இருக்கற ஓட்டை அகலமாகி இரைப்பையோட மேல்பாகம் நெஞ்சுக்குள்ள ஏறிடும், ஹயாட்டஸ் ஹெர்னியானு சொல்வாங்க, எனக்கு அதுவும் இருக்கு. என்னோடத முதல்ல சந்தேகப்பட்டது பல் டாக்டரம்மா. மேல்வரிசை பல்லோட உள்பக்கம் எனாமல் தேஞ்சு கண்ணாடி மாதிரி வழுவழுனு இருக்கு, ராத்திரில எதுக்களிக்குதானு கேட்டாங்க.

இப்ப எங்க பசங்க கிட் பேக்க தெறந்து பாருங்க, கைக்குப் பூசுற சாக் பவுடர் பக்கத்துலயே பான் ஃபார்ட்டிங்கற ஆசிட் மாத்திரை அட்டை, ரோஸ் கலர் டைஜீன் பாட்டில். கேஸ் ட்ரபுள்னு மெடிக்கல்ல கேட்டா சீட்டே இல்லாம தூக்கிக் குடுத்துடறாங்க. அந்த மாத்திரைய எப்ப போடணும்னுகூட சொல்றதில்ல. சாப்பாட்டுக்கு அரைமணியில இருந்து ஒரு மணி நேரம் முன்னாடி வெறும் வயித்துல போட்டாத்தான் சரியா வேலை செய்யும், இவனுங்க பிரியாணி தின்னுட்டு நெஞ்சு கரிக்கும்போது போடுறானுங்க (ஆம்பூர் பக்கத்துல இருந்துக்கிட்டு பிரியாணி திங்காதனு சொல்ற தைரியம் எனக்கு இல்ல). இன்னொண்ணு, அந்த மாத்திரை ஆசிட் சுரக்கறதத்தான் குறைக்குது, மேல வர்றத நிறுத்தறதில்ல. எரிச்சல் போயிடும், ஆனா குனிஞ்சா தண்ணி வர்றது அப்படியே இருக்கும். அந்தத் தம்பி மாத்திரை போட்டும் நிக்கலனு சொன்னதுக்கு இதுவும் காரணமா இருக்கலாம். வருஷக்கணக்கா போட்டா பி12, மெக்னீசியம் குறையலாம்னு டெஸ்ட் பண்ணிப் பாக்கச் சொல்றாங்க, திடீர்னு நிறுத்துனா கொஞ்ச நாளைக்கு முன்னவிட அதிகமா ஆசிட் சுரக்கும், ஐயோ மாத்திரை இல்லாம நம்மளால இருக்கவே முடியாதுனு பயந்து திரும்பப் போட்டுடுவாங்க.

ஆபரேஷனுக்கு முன்னாடி எண்டோஸ்கோபி மட்டும் பாத்தா போதாதுங்கறத நீங்க பெரிய எழுத்துல போடணும் சார். எண்டோஸ்கோபில புண்ணு இருக்கா, பேரட்ஸ்னு சொல்ற செல் மாற்றம் இருக்கானு தெரியும், அதுவும் வேணும்தான், ஆனா ஆசிட் எவ்வளவு நேரம் மேல நிக்குதுனு தெரியணும்னா 24 மணி நேர பிஹெச் டெஸ்ட் எடுக்கணும். மாத்திரைய ஒரு வாரம் நிறுத்தச் சொல்லிட்டு, மூக்கு வழியா மெல்லிசா ஒரு டியூப் விட்டு, கன்னத்துல பிளாஸ்திரி ஒட்டி, இடுப்புல ஒரு சின்ன டப்பாவ மாட்டி வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. எரிச்சல் வந்தா பட்டன அமுக்கணும், சாப்பிட்டா ஒரு பட்டன், படுத்தா ஒரு பட்டன். தினமும் என்ன பண்ணுவீங்களோ அதையே பண்ணுங்கனு சொன்னாங்க, அப்ப நான் பிராக்டிஸ் பண்ணலாமானு கேட்டேன், டெக்னீஷியன் ஒரு மாதிரியா பாத்துட்டு உள்ள போயி டாக்டர்கிட்ட கேட்டுட்டு வந்து சரினாரு. அன்னைக்கு சாயங்காலம் பெல்ட் கட்ட முடியல, டப்பா இடிக்குது, அத தோள்ல குறுக்கால மாட்டிக்கிட்டேன், வேர்வைல பிளாஸ்திரி உரிஞ்சு ஒரு பையன் பக்கத்துல நின்னு அழுத்திப் புடிச்சுக்கிட்டான். மறுநாள் கம்ப்யூட்டர்ல கோடு காட்டுனாங்க, நான் ஸ்குவாட் பண்ண ஒவ்வொரு செட்டுக்கும் கோடு பிஹெச் நாலுக்குக் கீழ (எறங்க எறங்க ஆசிட் அதிகம்) சரசரனு எறங்கியிருக்கு, நடுவுல ரெஸ்ட் எடுக்கும்போது மெதுவா ஏறுது, அடுத்த செட்டு, திரும்ப எறக்கம். கோடு அப்படி நாலுக்குக் கீழ இருக்கற நேரம் மொத்த நேரத்துல 4 சதவீதத்துக்குக் கம்மியா இருந்தா நார்மல், 6 சதவீதத்தத் தாண்டுனா எதுக்களிப்பு நோய் உறுதினு கணக்காம், நான் நல்லாவே தாண்டியிருந்தேன். நான் பிராக்டிஸ் போகாம வீட்டுல படுத்திருந்தா அந்தக் கோடு வேற கதை சொல்லியிருக்கும், அதனால இந்த டெஸ்ட் எடுக்கற லிஃப்டருங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு டிரெய்னிங் இருக்கற நாளா பாத்து மாட்டிக்கங்க.

கூடவே மேனோமெட்ரினு ஒண்ணு, உணவுக்குழாய் சாப்பாட்ட கீழ தள்ளுற பலம் எவ்வளவுனு பாக்கறது. அது பலவீனமா இருக்கற ஆளுக்கு ஆபரேஷன்ல இரைப்பைய உணவுக்குழாய் மேல முழுசா சுத்திக் கட்டிட்டா சோறு எறங்காது. இது ரெண்டும் இல்லாம நேரா ஆபரேஷன் தேதி குடுத்தா எழுந்து வந்துடுங்கனுதான் பசங்ககிட்ட சொல்லியிருக்கேன்.

அமெரிக்காவுல முன்னாள் படைவீரர் ஆஸ்பத்திரிகள்ல நடந்த ஒரு ஆராய்ச்சி 2019ல வந்துச்சு, நான் பாத்த சர்ஜன் ஒருத்தர் அத பேப்பர்ல எழுதியே காட்டுனாரு. மாத்திரைக்கு அடங்காத நெஞ்செரிச்சல்னு வந்தவங்க 366 பேர். அதுல 42 பேருக்கு மாத்திரைய சரியான நேரத்துல ரெண்டு வாரம் குடுத்ததுமே சரியாயிடுச்சு. 99 பேருக்கு டெஸ்ட் பண்ணா எரிச்சலுக்கும் எதுக்களிப்புக்கும் சம்பந்தமே இல்ல. இப்படி வடிகட்டி வடிகட்டி கடைசில நெஜமாவே ஆபரேஷன் யோசிக்க வேண்டியவங்கனு நின்னது 78 பேர்தான். அந்த 78 பேருல ஆபரேஷன் பண்ணவங்கள்ல 67 சதவீதம் பேருக்கு பலன், மருந்த மாத்தி மாத்தி குடுத்தவங்கள்ல 28 சதவீதம் பேருக்கு. அதாவது சரியான ஆளுக்குப் பண்ணா நல்லா வேலை செய்யுது, தப்பான ஆளுக்குப் பண்ணா வயித்துல தையல்தான் மிச்சம். மாத்திரைக்கு அடங்குற ஆளுங்களுக்கு வேற கணக்கு, ஐரோப்பாவுல மாத்திரையையும் ஆபரேஷனையும் அஞ்சு வருஷம் ஒப்பிட்டுப் பாத்ததுல மாத்திரைல 92, ஆபரேஷன்ல 85 சதவீதம் பேருக்கு நோய் கட்டுக்குள்ள இருக்குனு வந்துச்சு, ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு.

ஆபரேஷன்னா என்னனு அந்தத் தம்பிக்குத் தெரியாம இருக்கலாம். இரைப்பையோட மேல்பாகத்த எடுத்து, கழுத்துல துண்ட சுத்துற மாதிரி உணவுக்குழாயோட அடிப்பக்கத்துல சுத்தி தச்சுடறாங்க, உதரவிதானத்துல ஓட்டை பெருசா இருந்தா அதையும் தச்சு சின்னதாக்கிடறாங்க. 1950கள்ல ருடால்ஃப் நிஸ்ஸன்னு ஒரு சர்ஜன் ஆரம்பிச்சது, 1991ல இருந்து லேப்ரோஸ்கோபில பண்றாங்க. முழுசா சுத்துறது நிஸ்ஸன், முக்கா சுத்து சுத்துறது டூப்பே. முழு சுத்து போட்டவங்கள்ல சில பேருக்கு ஏப்பம் வராது, வாந்தி எடுக்க முடியாது, வயிறு உப்பிக்கிட்டே நிக்கும். சாதாரண ஆளுக்கு இது சின்ன விஷயம். மூச்ச அடக்கி அடக்கி காத்த முழுங்குற லிஃப்டருக்கு ஏப்பம் விட முடியாம வயிறு உப்பியே இருந்தா அதோட பெல்ட் கட்டிப் பாருங்க, தெரியும். அதனால என் சர்ஜன் முக்கா சுத்து பத்தித்தான் பேசுறாரு. காந்த மணி கோத்த வளையம் மாட்டுறதும் இருக்கு, அமெரிக்காவுல 2012ல அனுமதி குடுத்தாங்க, ஆனா அத மாட்டுனா எம்.ஆர்.ஐ. எடுக்க கட்டுப்பாடு இருக்கு, முட்டிக்கும் தோளுக்கும் அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுக்கற எங்களுக்கு அது ஆகாது.

ஆபரேஷன் முடிஞ்சு முதல்ல தண்ணி ஆகாரம், அப்புறம் சில வாரத்துக்கு குழஞ்ச சோறு. கறி, ரொட்டியெல்லாம் தொண்டையில நிக்கும், அதனால அதெல்லாம் திரும்பத் திங்க ரொம்ப நாளாகும். எடை இறங்கும், கஷ்டப்பட்டு ஏத்துன தசையும் கூடவே போகும். சுத்திக் கட்டுனது நாளாவட்டத்துல லூசாகவும் செய்யுது, ஸ்வீடன்ல ஆபரேஷன் பண்ணிக்கிட்ட 2655 பேர ஃபாலோ பண்ணதுல 17.7 சதவீதம் பேருக்கு திரும்ப வந்துடுச்சு, அவங்கள்ல முக்கால்வாசிக்கு மேல மறுபடி மாத்திரைதான். அந்த 2655 பேர்ல எத்தன பேர் தோள்ல நூறு கிலோ வச்சு உக்காந்து எழுந்தவங்களா இருப்பாங்க?

என் கோபமே இங்கதான் சார். நான் ரெண்டு சர்ஜனப் பாத்தேன். ஒருத்தர், ஆபரேஷனுக்கு அப்புறம் ஆயுசுக்கும் இருவது கிலோவுக்கு மேல தொடாதீங்கனு சொன்னாரு. இன்னொருத்தர், மூணு மாசம் கழிச்சு என்ன வேணும்னாலும் தூக்கிக்கங்க, பிரச்சனையே இல்லனு சொன்னாரு. ரெண்டு பேரும் கைராசிக்காரங்க, ரெண்டு பேரும் படிச்சவங்க. ஆனா நீங்க எத்தன கிலோ தூக்குறீங்க, வாரத்துக்கு எத்தன நாள், பெல்ட் கட்டுவீங்களா, போட்டி எப்பனு ரெண்டு பேருமே கேக்கல, நானாத்தான் சொன்னேன். முதல் சில வாரம் நாலஞ்சு கிலோவுக்கு மேல தூக்கக் கூடாது, வாந்தி, இருமல், மலச்சிக்கல் வரவே கூடாதுங்கறதுல மட்டும் ரெண்டு பேருக்கும் ஒரே கருத்து. அதுக்கு அப்புறம் என்னங்கறதுதான் எங்களுக்கு வேண்டிய பதில், அது ஆளாளுக்கு மாறுது.

இப்போதைக்கு நான் ஆபரேஷன தள்ளி வச்சிருக்கேன், வேணாம்னு சொல்லல. பிராக்டிஸுக்கு மூணு மணி நேரம் முன்னாடியே சாப்பாட்ட முடிச்சுடறேன், கட்டிலோட தலைமாட்டுக் காலுக்கு அடியில செங்கல் வச்சிருக்கேன் (தலகாணிய அடுக்கறது பிரயோஜனமில்ல, வயித்த மடக்கி இன்னும் மோசமாக்கும்), இடது பக்கமா படுக்கறேன், தொப்பையக் கரைச்சு ஒரு கேட்டகரி கீழ எறங்கிட்டேன். ராத்திரி இருமல் நல்லாவே குறைஞ்சிருக்கு. குனிஞ்சா தண்ணி வர்றது குறையல, ஹெர்னியா செங்கல்லுக்கு அடங்காதுனு எனக்கும் தெரியும். வீட்டுல அவங்களுக்கு ஆபரேஷன்னாலே பயம், மாமனாரு எண்டோஸ்கோபிக்கே போகாதவரு, நெஞ்சு வலிச்சா சோடா குடினு சொல்றவரு. அது வேற ஒரு ஆபத்து சார், நாப்பது தாண்டுனவங்க நெஞ்சு வலிய கேஸ்னு நெனச்சு சோடா குடிச்சுட்டு உக்காராதீங்க, மொதல்ல ஈ.சி.ஜி. எடுத்துட்டு அப்புறம் கேஸுனு சொல்லிக்கலாம்.

உங்க இணைப்புல ஒரு குடல் அறுவை சர்ஜனையும் ஒரு விளையாட்டு மருத்துவரையும் ஒண்ணா உக்கார வச்சு ஒரு முழுப்பக்கம் போடுங்க. காரம் குறைங்கங்கறது எங்களுக்கே தெரியும், அத விட்டுட்டு இதக் கேளுங்க: முக்கா சுத்து போட்ட லிஃப்டர் எத்தன மாசம் கழிச்சு வெறும் பார எடுக்கலாம், எப்ப பெல்ட் கட்டலாம், ஹெர்னியா தையல் தாங்குதானு எந்த டெஸ்ட்டுல பாத்து தெரிஞ்சுக்கறது, திரும்ப பிரிஞ்சா ரெண்டாவது ஆபரேஷன் எவ்வளவு கஷ்டம். ரெண்டு டாக்டரும் ஒத்துப்போகலனா ஒத்துப்போகலனே போடுங்க, பரவால்ல. அந்தத் தம்பியோட நம்பர் உங்ககிட்ட இருந்தா பிஹெச் டெஸ்ட் எடுத்தியானு மட்டும் கேட்டுச் சொல்லுங்க.

இப்படிக்கு,
வேலூர் மாவட்டத்துல இருந்து ஒரு பளுதூக்கும் வாசகர்