பங்க் இசை என்றால் இரண்டு குழுக்கள்தானா?

ஆசிரியருக்கு,

வேகமும் முரட்டுத்தனமும் கொண்ட ராக் இசை வகையான பங்க் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை செக்ஸ் பிஸ்டல்ஸ், கிளாஷ் என்ற இரண்டு பெயர்களோடு முடிந்துவிட்டது. 1976-ல் லண்டனில் உருவான 'வயர்' குழுவைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது வருத்தமாக இருந்தது.

1977-ல் வந்த அவர்களின் முதல் ஆல்பம் 'பிங்க் ஃபிளாக்'. சுமார் 35 நிமிடத்தில் 21 பாடல்கள்! அதில் ஒன்று அரை நிமிடம்கூட ஓடாது. சொல்ல வந்தது தீர்ந்ததும் பாட்டைச் சட்டென்று நிறுத்திவிடுவார்கள். ஆனால் அந்தப் பாணியிலேயே அவர்கள் தங்கிவிடவில்லை. இரண்டே ஆண்டுகளில் 'சேர்ஸ் மிஸ்ஸிங்', '154' என்ற ஆல்பங்களில் சின்தசைசர் (மின்னணு இசைக்கருவி) கலந்த, முற்றிலும் வேறான இசைக்குப் போய்விட்டார்கள்.

என்னை மிகவும் கவர்ந்தது அவர்களின் 1987 அமெரிக்க இசைப் பயணம்தான். பழைய பாடல்களை வாசிப்பதில்லை என்பதில் உறுதியாக இருந்தார்கள். சரி, ரசிகர்கள் ஏமாறக் கூடாதே என்று, 'பிங்க் ஃபிளாக்' பாடல்களை வாசிக்க இன்னொரு குழுவையே தங்களுக்கு முன்னால் மேடையேற்றினார்கள். பழைய புகழை வைத்தே காலம் தள்ளும் குழுக்களுக்கு நடுவில் இப்படி ஒரு நேர்மையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அப்புறம், 2000-க்குப் பிறகு சொந்தமாக லேபிள் (இசை வெளியீட்டு நிறுவனம்) தொடங்கி, பெரிய நிறுவனங்களின் தயவு இல்லாமலே ஆல்பங்களை வெளியிட்டார்கள். 2020-ல்கூட 'மைண்ட் ஹைவ்' என்ற ஆல்பம் வந்தது. இந்தக் குழுவைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை வெளியிடுங்கள்.

- வாசகர், திருச்சி