ஓ-பிரியோன் மெடோக்கில் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் பிரான்ஸ் நாட்டின் விலையுயர்ந்த சிவப்பு ஒயின்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் இப்பொருளைப் பற்றி எழுதுவோர் மிகக் குறைவு என்பதால், அதை வெளியிட்டமைக்கு முதலில் என் நன்றி. ஆனால் போர்தோவின் ஷாத்தோ ஓ-பிரியோன் பண்ணைக்கு அதில் ஒதுக்கப்பட்டிருந்த ஒரே பத்தியில் இரண்டு பிழைகள் உள்ளன. அப்பண்ணை மெடோக் பகுதியில் இருப்பதாகவும், அதன் ஒயின் கபர்னே சோவினியோன் திராட்சையின் கடுமையான துவர்ப்புக்குப் பெயர்பெற்றது என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். எஞ்சிய வரிகள் யாவும் ஒரு புட்டியின் விலையைப் பற்றியவை. போர்தோவில் நான்கு ஆண்டுகள் வேதியியல் பயின்று, அப்பண்ணையை ஒட்டிய சாலையில் நாள்தோறும் பேருந்தில் சென்றுவந்தவன் என்ற முறையில் இவற்றைத் திருத்துவது என் கடமை என்று கருதுகிறேன்.

மெடோக் என்பது போர்தோ நகருக்கு வடக்கே, ஜிரோந்து கழிமுகத்தின் இடக்கரையில் நீண்டு கிடக்கும் பகுதி. ஓ-பிரியோனோ நகரின் தென்மேற்கு விளிம்பில், பெசாக் என்னும் ஊரில், கிராவ் பகுதியில் உள்ளது. கிராவ் என்ற பெயரே சரளைக் கல்லைக் குறிப்பது. 1987 முதல் இப்பகுதியின் வடபாகம் பெசாக்-லெயோன்யான் என்ற தனிப் பெயரில் வழங்குகிறது. இது வெறும் நிலப்பட விவரம் அன்று. 1855ஆம் ஆண்டு பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சிக்காகப் போர்தோவின் தரகர்கள் சிவப்பு ஒயின்களைத் தரம் பிரித்தபோது, பட்டியலில் இடம்பெற்ற பண்ணைகளில் மெடோக்கைச் சேராதது ஓ-பிரியோன் ஒன்றுதான். அதையும் அவர்கள் கடைசித் தரத்தில் ஒட்டவைக்கவில்லை. லஃபித், லதூர், மார்கோ ஆகிய மெடோக் பண்ணைகளோடு முதல் தரத்திலேயே வைத்தனர். அத்தரத்தில் அப்போது நான்கே பெயர்கள். ஷாத்தோ மூத்தோன் என்னும் பண்ணை 1973இல்தான் ஐந்தாவதாகச் சேர்ந்தது. தம் எல்லைக்கு வெளியே சென்று ஒரு பண்ணையைச் சேர்த்துக்கொள்ளும் அளவுக்கு அதன் பெயர் தரகர்களைக் கட்டாயப்படுத்தியது என்பதுதான் ஓ-பிரியோன் வரலாற்றின் மையம். மெடோக் என்று எழுதிவிட்டால் அந்த மையமே காணாமற் போய்விடுகிறது.

அந்தப் பெயர் எப்படி உருவாயிற்று? 1525இல் ழான் தெ போந்தாக் என்பவர் திருமணத்தின் வழியே இங்கு நிலம் பெற்றார். 1549இல் மாளிகையைக் கட்டத் தொடங்கினார். சரளை மேட்டின் உச்சியில் கட்டாமல் அதன் அடிவாரத்து மணற்பாங்கில் கட்டினார் என்பதை நான் மிகவும் மதிக்கிறேன். நல்ல மேட்டைக் கொடிகளுக்கு விட்டுவிட்டு, தமக்குத் தாழ்ந்த இடத்தை வைத்துக்கொண்டவர் அவர். அடுத்த நூற்றாண்டில் அதே குடும்பத்தின் மூன்றாம் ஆர்னோ தெ போந்தாக் காலத்தில் பெரும் மாற்றம் நிகழ்ந்தது. அதுவரை போர்தோ ஒயின் பெரும்பாலும் வட்டாரத்தின் பெயரில், ஆண்டுக்குள் குடித்துத் தீர்க்க வேண்டிய வெளிர்சிவப்புச் சரக்காகவே இங்கிலாந்துக்குப் போயிற்று. போந்தாக் தம் ஒயினைத் தம் நிலத்தின் பெயரிலேயே விற்றார். பீப்பாயில் ஆவியாகிக் குறையும் அளவை அவ்வப்போது நிரப்பிக் காற்றுப் படாமல் காப்பது, அடியில் படியும் வண்டலை விட்டுத் தெளிவை வேறு பீப்பாய்க்கு மாற்றுவது ஆகிய முறைகளை அவர் ஒழுங்காகக் கையாண்டதாக வரலாற்றாசிரியர்கள் கூறுகின்றனர். (தெளிந்த மதுவுக்குப் பழந்தமிழில் தேறல் என்று பெயர் என்பதை நினைக்கையில் எனக்கு மகிழ்ச்சி உண்டாகிறது, தெளிதலே தரம் என்று நம் முன்னோரும் கண்டிருக்கின்றனர்.)

1660ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸின் மதுக்கிடங்குக் கணக்கில் இப்பெயர் காணப்படுகிறது. 1663 ஏப்ரலில் ஆங்கில நாட்குறிப்பாளர் சாமுவேல் பீப்ஸ் லண்டன் விடுதி ஒன்றில் இதைப் பருகிவிட்டு, தாம் இதுவரை கண்டிராத தனிச்சுவை உடையது என்று தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். 1666இல் லண்டன் தீக்கிரையான பின், போந்தாக் தம் மகனை அங்கு அனுப்பி உணவு விடுதி ஒன்றைத் திறக்கச் செய்தார். ராயல் சொசைட்டி என்னும் அறிவியல் கழகத்தின் அறிஞர்கள் அங்கு விருந்துண்டனர்.

இவர்கள் அனைவரிலும் எனக்கு முக்கியமானவர் தத்துவ அறிஞர் ஜான் லாக். 1677இல் அவர் நேரில் இப்பண்ணைக்குச் சென்றார். மேற்கு நோக்கித் திறந்த சிறு மேடு. வெண்மணலும் கொஞ்சம் சரளையும் தவிர வேறொன்றும் இல்லை. எதுவும் விளையாது என்றே பார்ப்பவர் நினைப்பர் என்று அவர் குறித்தார். இடையில் ஒரு பள்ளம் மட்டுமே பிரிக்கும் அடுத்த தோட்டத்தில், கண்ணுக்கு ஒரே மாதிரித் தெரியும் மண்ணில் விளைந்த ஒயின் இதன் அருகில் வர முடிவதில்லை என்று வணிகர்கள் சொன்னதையும் அவர் பதிவு செய்தார். அவர் கண்ட வறண்ட மேற்பரப்பே அந்நிலத்தின் வலிமை. சரளை மழைநீரைத் தேங்கவிடாது. ஈரத்தைத் தேடி வேர்கள் ஆழத்துக்கு இறங்கியாக வேண்டும். பகலில் வெயிலை வாங்கும் கற்கள் இரவில் அந்தச் சூட்டைக் கொடிக்குத் திருப்பித் தருகின்றன. இன்று நகரம் வளர்ந்து, வீடுகளும் சாலைகளும் தோட்டத்தை நாற்புறமும் சூழ்ந்துவிட்டன. அந்த நகரத்துச் சூடும் சேர்ந்துகொள்வதால், மெடோக்கின் பெரிய பண்ணைகளுக்கு முன்பாகவே இங்கு அறுவடை தொடங்குவது வழக்கம்.

இனி இரண்டாவது பிழை. சரளைக்கு அடியில் களிமண் படுகைகள் உள்ளமையால், குளிர்ந்த களிமண்ணை விரும்பும், துவர்ப்பு மென்மையான மெர்லோ திராட்சை இங்கு நன்றாக விளைகிறது. எனவே ஓ-பிரியோன் தோட்டத்தில் மெர்லோவும் கபர்னே சோவினியோனும் ஏறத்தாழச் சமமாக நிற்கின்றன. கபர்னே ஃபிரான் என்னும் மற்றொரு திராட்சை பத்தில் ஒரு பங்கு அளவில் உண்டு. முதல் தரப் பண்ணைகளில் மெர்லோவுக்கு இவ்வளவு இடம் தருவது இதுவே. ஆகவே கடுந்துவர்ப்பு இதன் குணம் அன்று. என் பேராசிரியர் ஒருவர் பணி ஓய்வு பெற்ற நாளில் தம் வீட்டு மேசையில் 1985ஆம் ஆண்டின் புட்டி ஒன்றைத் திறந்து எங்களுக்கு ஆளுக்குச் சிறிது ஊற்றினார். வெயிலில் காய்ந்த செங்கல்லின் வாசம், உலர்ந்த புகையிலை, சுருட்டுப் பெட்டியின் மரவாசம், அவற்றுக்குப் பின்னால் மெல்லிய புகை. நாவில் துவர்ப்பு இருந்தது, ஆனால் அது பட்டுத் துணியைத் தடவுவது போல் இருந்தது. பழச்சுவை கடைசியில்தான் வந்தது. அந்தச் செங்கல் வாசத்தை வேறெந்த ஒயினிலும் நான் அவ்வளவு தெளிவாக உணர்ந்ததில்லை.

மண் மட்டுமே இதைச் செய்துவிடுவதில்லை. 1935இல் அமெரிக்க வங்கியாளர் கிளாரன்ஸ் தில்லன் இப்பண்ணையை வாங்கினார். அவர் வழிவந்தோரிடமே இன்றும் உள்ளது. ஆனால் ஒயினை உருவாக்கும் பொறுப்பு தெல்மாஸ் குடும்பத்தில் தந்தை, மகன், பேரன் என்று மூன்று தலைமுறைகளாக இருந்துவந்தது. இவர்களில் இரண்டாம் தலைமுறையினரான ழான்-பெர்னார் தெல்மாஸ் 1961இல் மரத் தொட்டிகளை அகற்றி எவர்சில்வர் தொட்டிகளை நிறுவினார். போர்தோவின் பெரிய பண்ணைகளில் இதற்கு முன்னோடி இல்லை. லதூர் 1964இல்தான் அவ்வாறு செய்தது. காரணம் எளியது. நொதிக்கும்போது சாறு தானே சூடேறும். வெப்பம் மிஞ்சினால் நொதிக்கவைக்கும் ஈஸ்ட் மடிந்து, சர்க்கரை முழுதும் மாறாமல் எஞ்சி, ஒயின் புளித்துக் கெடும். தடித்த மரத் தொட்டியில் அந்தச் சூட்டைத் தணிப்பது கடினம்; உலோகத் தொட்டியில் குளிர்நீரைக் கொண்டே அடக்கலாம். நிறமும் துவர்ப்பும் திராட்சைத் தோலிலிருந்து இறங்கும் அளவுக்குச் சூடு வேண்டும், அதற்கு மேல் கூடாது. அந்த எல்லையைக் கையில் பிடித்துக்கொடுத்தவை அத்தொட்டிகள். பின்னர் அவரே இரண்டடுக்குத் தொட்டியை வகுத்தார். மேலடுக்கில் தோலோடு நொதித்த ஒயின், எந்திரத்தால் அலைக்கழிக்கப்படாமல், தன் எடையாலேயே கீழடுக்குக்கு இறங்குகிறது. அங்கு கூரிய மாலிக் அமிலம், மோரில் உள்ள மென்மையான லாக்டிக் அமிலமாக மாறுகிறது. வேதியியல் படித்தவனுக்கு இதைவிட அழகான சமையலறை ஏது?

கொடிகளிலும் அவர் அதே அக்கறையைக் காட்டினார். 1970களிலிருந்து நூற்றுக்கணக்கான கொடிகளைத் தனித்தனியே வளர்த்துச் சோதித்து, சிறந்த ஒன்றை மட்டும் எங்கும் நடாமல், ஒவ்வொரு துண்டு நிலத்திலும் பலவற்றைக் கலந்து நட்டார். ஒரே வகைக் கொடி சீரான பழம் தரும்; பலவகைக் கொடிகளே சுவைக்கு ஆழம் தரும் என்பது அவர் துணிபு. அறுத்த பழம் துண்டு வாரியாகத் தனியே நொதிக்கப்படும். பின்னர் ஓக் மரப் பீப்பாய்களில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் முதிரும். சுவைத்துப் பார்த்துத் தேர்ந்தவை மட்டுமே ஓ-பிரியோன் என்ற பெயரைப் பெறும். எஞ்சியவற்றில் தரமானவை 2007ஆம் ஆண்டு விளைச்சல் முதல் லெ கிளாரன்ஸ் என்ற பெயரில் இரண்டாம் ஒயினாக வருகின்றன.

இறுதியாக ஒரு செய்தியைத் தங்கள் கட்டுரையாளர் அறிய வேண்டும். ஓ-பிரியோனுக்கு எதிரே, நான் பேருந்தில் கடந்த அதே சாலையின் மறுபுறம், லா மிசியோன் ஓ-பிரியோன் என்ற பண்ணை உள்ளது. தில்லன் குடும்பம் 1983இல் அதையும் வாங்கியது. அன்று முதல் இரண்டையும் ஒரே குழுவினர், ஒரே பயிற்சியோடு, ஒரே அக்கறையோடு கவனிக்கின்றனர். ஆயினும் இரு ஒயின்களும் ஒன்றாகிவிடவில்லை. லா மிசியோன் அடர்ந்தும் திமிறியும் நிற்க, ஓ-பிரியோன் அடங்கி, நீண்டு, மெல்லத் திறக்கிறது. லாக் கண்ட தோட்டங்களைப் பள்ளம் பிரித்தது போல், இவ்விரண்டையும் இன்று ஒரு தார்ச்சாலை பிரிக்கிறது; மண்ணின் வேறுபாடு அன்று போலவே இன்றும் ஒயினில் தெரிகிறது. ஆகவே இடத்தைத் தவறாக எழுதுவதைச் சிறு பிழையாகக் கொள்ளாமல், அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே அதற்குத் திருத்தம் வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
புதுச்சேரி