வெற்றிக்குப் பிறகு என்ன பாடுகிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் பட்டம் வென்றவரைக் கொண்டாடுகிறோம். அடுத்த சீசன் வந்ததும் மறந்துவிடுகிறோம். பிறர் பாடல்களைப் பாடி ஜெயித்தவர் சொந்தமாக எழுதத் தொடங்கும்போதுதான் உண்மையான சோதனையே. பிரிட்டனின் 'எக்ஸ் ஃபேக்டர்' போட்டியில் 2012-ல் வென்ற ஜேம்ஸ் ஆர்தரை இரண்டே ஆண்டுகளில் இசை நிறுவனம் கைவிட்டது. 2016-ல், தானும் சேர்ந்து எழுதிய காதல் பாடலோடு திரும்பி வந்து அந்நாட்டில் முதலிடம் பிடித்தார்.

அமெரிக்கப் பாடகி டோரி கெல்லியின் கதை எனக்கு இன்னும் அதிகம் பிடிக்கும். 2010-ல் 'அமெரிக்கன் ஐடல்' போட்டியில் பாதியிலேயே வெளியேற்றப்பட்டவர். 2012-ல் படுக்கையறையிலேயே பாடல்களை எழுதி, பாடி, ஒலிக்கலவையும் தானே செய்து ஒரு சிறு தொகுப்பு வெளியிட்டார். 2019-ல் இரண்டு கிராமி விருதுகள்!

பரிசளிப்புப் படங்களைச் சற்றுக் குறைத்து, முன்னாள் போட்டியாளர்களின் சொந்தப் பாடல்களுக்கு விமர்சனம் வெளியிடுங்கள். பாராட்டு மட்டும் போதாது, குறைகளையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
இசை ரசிகர் ஒருவர்