கிருமியோடு வீடு திரும்பும் நோயாளிகளுக்கு வழிகாட்ட வேண்டும்: கோரிக்கை மனு

பெறுநர்: நிரந்தரச் செயலாளர், சுகாதார அமைச்சு, சிங்கப்பூர்

பொருள்: பல ஆன்டிபயாட்டிக் மருந்துகளுக்குக் கட்டுப்படாத எம்ஆர்எஸ்ஏ (MRSA) போன்ற கிருமிகளைச் சுமப்பவர்களுக்கு டிஸ்சார்ஜ் ஆகும்போது விளக்கமும் மருந்தும் தரக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர், வணக்கம்.

மருத்துவமனையில் சேர்ந்ததும் மூக்கில் ஸ்வாப் எடுத்து எம்ஆர்எஸ்ஏ இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நல்ல ஏற்பாடு. இருப்பது தெரிந்தால் தனி இடம், கையுறை, மேலங்கி எல்லாம் உண்டு, ஆனால் நோயாளி வீட்டுக்குப் போகும் நாளில் அந்தப் பேச்சே இருப்பதில்லை. டயாலிசிஸ் செய்துகொள்ளும் என் அம்மா கழுத்தில் குழாயோடு வீடு திரும்பியபோது, “கிருமி இருக்கிறது, நோய் இல்லை, கவலை வேண்டாம்” என்று தாதி ஒருவர் ஆங்கிலத்தில் சொன்னதோடு சரி. சில வாரங்களில் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், மறுபடி வார்டு, ரத்தத்தில் எம்ஆர்எஸ்ஏ.

தாதி சொன்னது தவறில்லை. எம்ஆர்எஸ்ஏ என்பது ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமியின் ஒரு வகை. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் ஏறக்குறைய மூன்றில் ஒருவரின் மூக்கில் சும்மா இருக்கிறது, பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் குழாய் போட்ட இடம், அறுவை சிகிச்சைக் காயம், சர்க்கரைப் புண் என்று தோலில் ஒரு வழி திறந்துவிட்டால் அதே கிருமி உள்ளே போய்விடுகிறது. 2001ல் வெளிவந்த ஜெர்மானிய ஆய்வு ஒன்றில், இந்தக் கிருமி ரத்தத்தில் தொற்றியவர்களின் மூக்கையும் ரத்தத்தையும் ஒப்பிட்டபோது 82 விழுக்காட்டினருக்கு இரண்டிலும் ஒரே வகைதான் இருந்தது. அதாவது யார் ஆபத்தில் இருக்கிறார்கள் என்பது ஸ்வாப் எடுத்த அன்றே ஓரளவு தெரிந்துவிடுகிறது.

தெரிந்தால் செய்யவும் வழி இருக்கிறது. அமெரிக்காவில் எம்ஆர்எஸ்ஏ சுமந்தபடி வீடு திரும்பிய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு விளக்கம் மட்டும், மற்றவர்களுக்கு அதோடு குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கொண்டு குளியல், வாய் கொப்பளிக்கும் மருந்து, மூக்கில் முபிரோசின் என்ற ஆன்டிபயாட்டிக் களிம்பு என்று மாதம் இருமுறை ஐந்தைந்து நாள், ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். 2019ல் முடிவு வந்தது: மருந்தும் பெற்றவர்களுக்கு எம்ஆர்எஸ்ஏ தொற்று 30 விழுக்காடு குறைவு. எல்லாருக்கும் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை, முபிரோசினுக்கும் கிருமி பழகிவிடும். குழாயோடு போகிறவர்கள், டயாலிசிஸ் நோயாளிகள், ஆறாத புண் உள்ளவர்கள் ஆகியோருக்கு மருத்துவர் பார்த்து முடிவு செய்து, உதவித்தொகையோடு கொடுக்கலாமே.

குடலில் தங்கும், கார்பபெனம் என்ற வலுவான ஆன்டிபயாட்டிக் வகைக்கும் கட்டுப்படாத சிஆர்இ (CRE) மாதிரியான கிருமிகளுக்கு இப்படி நீக்கும் முறை இன்னும் நிலைபெறவில்லை. அப்படியானால் அவர்களுக்கு விளக்கம் இன்னும் அவசியம்: எந்த அறிகுறிக்கு உடனே ஓடி வரவேண்டும், அடுத்த மருத்துவரிடம் என்ன சொல்லவேண்டும் என்பதெல்லாம்.

ஆகவே டிஸ்சார்ஜ் கடிதத்தில் இதைத் தெளிவாக எழுதவும், நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் ஒரு பக்க விளக்கம் தரவும், டயாலிசிஸ் நிலையத்துக்கும் தாதிமை இல்லத்துக்கும் தகவல் போகவும், அந்தத் தகவலைக் காரணம் காட்டி யாரும் இடம் மறுக்காமலிருக்கவும் உத்தரவிடக் கேட்டுக்கொள்கிறேன். பேரப்பிள்ளையைத் தூக்கலாமா என்று அம்மா பயந்து பயந்து கேட்டார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, புண்ணை மூடி வைத்துவிட்டு வழக்கம்போல் இருக்கலாம் என்று அந்த விளக்கத்தில் ஒரு வரி இருந்தாலே பல வீடுகளில் நிம்மதி வரும்.

முதலில் ஒரே ஒரு மருத்துவமனையில் தொடங்கிப் பார்த்தாலும் சரி. அமைச்சின் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அம்மாவைப் பராமரிக்கும் மகள், ஈசூன்