பேங்ஸியும் ஆடித் தள்ளுபடியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பில், பிரிட்டனின் தெருச்சுவர் ஓவியர் பேங்ஸி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். உசிலம்பட்டிப் பக்கம் முப்பது வருஷம் சுவர் விளம்பரம் எழுதியவன் நான். சோப்பு, சிமெண்ட், பனியன், பல்பொடி என்று எழுதாத சரக்கு இல்லை. ஃபிளெக்ஸ் வந்தபிறகு பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டேன். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

கட்டுரையில் பாதிக்கு மேல் ஏலக் கணக்குதான். 2018-ல் லண்டனில் அவருடைய பலூன் சிறுமி படம், ஏலம் முடிந்த கையோடு, படச்சட்டத்துக்குள் அவரே ஒளித்து வைத்திருந்த கருவியில் பாதி கிழிந்து தொங்கியது. பத்து லட்சம் பவுண்டு சொச்சத்துக்குப் போன அது, 2021-ல் கிழிந்த கோலத்திலேயே 1.85 கோடி பவுண்டுக்கு விற்றது. 'நுகர்வுக் கலாசாரத்துக்குச் சாட்டையடி' என்று தலைப்பு வேறு. அடி வாங்கியவருக்குக் கிட்டத்தட்ட பதினெட்டு மடங்கு பணம் வந்திருக்கிறது. இப்படி ஒரு சாட்டை கிடைத்தால் நானும் முதுகைக் காட்டுவேன்.

என்னை உட்கார வைத்தது, ஓரத்தில் தீப்பெட்டி அளவுக்கு நீங்கள் போட்டிருந்த, பேங்ஸியின் 2005-ம் வருஷத்துப் படம். பூதக்கண்ணாடி வைத்துத்தான் பார்த்தேன். பழைய பிரெஞ்சு ஓவியர் மோனே வரைந்த அல்லிக்குளத்தை அப்படியே திரும்ப வரைந்திருக்கிறார், மேலே அந்த வளைந்த பாலம். குளத்துக்குள் சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டி இரண்டு கிடக்கின்றன. பக்கத்தில் சாலையில் வைக்கிற ஆரஞ்சு கூம்பு ஒன்று. அவ்வளவுதான். சரக்கு எதுவும் படத்தில் இல்லை. வாங்கினவர் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார், சுமந்த வண்டி தண்ணீரில். எந்தக் கம்பெனி பெயரும் எழுதாமல் இதைச் சொல்லியிருக்கிறாரே என்று தொழில்காரனாக அசந்துபோனேன். எங்களுக்கு ஒரு பல்பொடியைச் சொல்லப் பதினைந்து அடிச் சுவர் வேண்டியிருந்தது. இதுவும் 2020-ல் 75 லட்சம் பவுண்டுக்கு மேல் ஏலம் போனது என்பதைக் கட்டுரை மறக்காமல் சொல்லிவிட்டது.

சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. 2013 அக்டோபரில் நியூயார்க் சென்ட்ரல் பார்க் ஓரம் ஒரு நடைபாதைக் கடை போட்டு, ஒரு பெரியவரை உட்கார வைத்து, தன் கையெழுத்திட்ட அசல் படங்களையே பேங்ஸி விற்றார். படம் ஒன்று 60 டாலர். யாருடையது என்று அறிவிப்பு இல்லை. பெரியவர் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பல மணி நேரம் கழித்து வந்த முதல் போணி, பிள்ளைகளுக்காக இரண்டு சின்னப் படம் கேட்ட ஓர் அம்மா. அவரும் பேரம் பேசிப் பாதி விலைக்குத்தான் வாங்கினார்! புது வீட்டுச் சுவருக்கு ஏதாவது மாட்ட வேண்டும் என்று வந்தவர் நாலு வாங்கிப் போனார். நாள் முழுக்க வியாபாரம் 420 டாலர். அதே கை, அதே பெயிண்ட். பெயர்ப் பலகை மட்டும் இல்லை. என்னைக் கேட்டால் கிழிந்த படத்தைவிட இந்தக் கடைதான் சரியான அடி. அந்த அம்மா பேரம் பேசியதில் எனக்குத் தனி சந்தோஷம். படத்தைப் பிடித்துக் கேட்டிருக்கிறார், பெயருக்காக இல்லை.

இங்கே என் வீட்டு வைக்கோல் போருக்கு மேல் ஒரு பழைய ஃபிளெக்ஸ் கிடக்கிறது. நகைக்கடைப் பெண்ணின் முகம் மழைக்கு மடிந்து, ஒரு கண்ணும் நெக்லஸும் மட்டும் வெளியே தெரிகின்றன. நான் சுண்ணாம்பு அடித்து, நூல் பிடித்து எழுதிய எழுத்தெல்லாம் நாலு மழையில் தானாகக் கரைந்து மண்ணுக்குப் போனது. இது மட்கக்கூட மாட்டேன் என்கிறது.

ஒரே ஒரு விண்ணப்பம். அந்தக் குளத்துப் படத்தை இன்னொரு தரம் அரைப்பக்க அளவில், கலரில் போடுங்கள். அன்று அதற்குக் கீழேயே ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடி அரைப்பக்கம் வந்திருந்தது. அதைச் சுருக்கச் சொல்லவில்லை. அந்த மாதிரிக் காசில்தான் நானும் முப்பது வருஷம் கஞ்சி குடித்தேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுவர் விளம்பர ஓவியன்,
உசிலம்பட்டி